ஊட்டக் கைப்பேசி, உறங்கும்வரை தொலைக்காட்சி: ஒரு தாயின் கடிதத்துக்குக் குழந்தை மருத்துவரின் பதில்

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வயது எட்டு மாதம் ஆகிறது. மதுரை மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் மாமியாருடன் வசிக்கிறோம். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். நான் தனியார் பள்ளியில் ஆசிரியை. காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப மாலை ஐந்தரை ஆகிவிடும். கைப்பேசியில் பாட்டு ஓடினால்தான் மகன் வாய் திறந்து சாப்பிடுகிறான். காலை முதல் இரவு பத்து மணி வரை வீட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டே இருக்கும். ஆங்கிலத்தில் இருபது வரை எண்ணுகிறான், நிறங்களின் பெயர்களைச் சொல்கிறான். ஆனால் தண்ணீர் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பானைக்கு முன்னால் நிறுத்துகிறான். கைப்பேசியை வாங்கினால் தரையில் தலையை முட்டிக்கொள்கிறான். பக்கத்து வீட்டுப் பெண், "இது விர்ச்சுவல் ஆட்டிசம், செல்போனை நிறுத்தினால் சரியாகிவிடும்" என்கிறார். மாமியாரோ, "ஆம்பளப் பிள்ளை, இவன் அப்பனும் மூணு வயசுலதான் பேசினான்" என்கிறார். அவரிடம் இதைப் பற்றிப் பேசினாலே சண்டை வருகிறது. என்ன செய்வது? எல்லாம் என்னால்தான் வந்ததா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்குப் பதில் கிடைக்காதவரை மற்ற எதுவும் உங்கள் மனதில் ஏறாது. வேலைக்குப் போகும் தாய், மூத்த வயதுப் பாட்டி, கடல் கடந்து உழைக்கும் தந்தை என்று அமைந்துவிட்ட ஒரு வீட்டில், பகல் முழுவதும் ஒரு துறுதுறுப்பான குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத இடத்தில்தான் கைப்பேசி வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்த இடத்தை வேறு எதைக் கொண்டு நிரப்புவது என்பதே நாம் பேச வேண்டிய விஷயம். யார் குற்றவாளி என்று தேடுவதில் உங்கள் மகனுக்கு எந்தப் பயனும் இல்லை. இரவில் அவன் தூங்கிய பிறகு அழுதுகொண்டிருக்கும் தாய்மார்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் நீங்களும் தூங்கிவிடுவது மறுநாள் அவனுக்குச் செய்யும் பெரிய உதவி.

அடுத்து, தள்ளிப்போடக் கூடாத ஒன்றைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண் சொல்வதும் உங்கள் மாமியார் சொல்வதும் எதிரெதிரானவை போலத் தோன்றினாலும், இரண்டுமே "கொஞ்ச நாள் பார்க்கலாம்" என்ற ஒரே இடத்துக்குத்தான் உங்களைக் கொண்டு சேர்க்கின்றன. அந்தக் காத்திருப்பு வேண்டாம். இரண்டு வயது நிறையும்போது ஒரு குழந்தையிடம் ஏறத்தாழ 50 சொற்களும், "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்லும் திறனும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். ஆண் குழந்தைகள் சற்றுத் தாமதமாகப் பேசுவது உண்மைதான் என்றாலும், அந்த வேறுபாடு சில வாரங்கள் அல்லது ஒன்றிரண்டு மாதங்களில் அடங்கக்கூடியது. எனவே முதலில் செவித்திறன் பரிசோதனை செய்யுங்கள். பாட்டைத் திருப்பிப் பாடுகிறானே, காது கேட்காமலா இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஓரளவு மட்டும் குறைந்த செவித்திறனோடு, கைப்பேசியைக் காதருகே வைத்துக் கேட்டுப் பாடும் குழந்தைகள் இருக்கிறார்கள். அதோடு, குழந்தை மருத்துவரிடம் முறையான வளர்ச்சி மதிப்பீடும் செய்துகொள்ள வேண்டும்.

கைப்பேசி, தொலைக்காட்சித் திரைகளை அதிகம் பார்ப்பதால் ஆட்டிசம் போன்ற நிலை வருகிறது என்ற பொருளில் "விர்ச்சுவல் ஆட்டிசம்" என்ற பெயர் சமூக ஊடகங்களில் வேகமாகப் பரவிவிட்டது. மருத்துவர்கள் நோயறிதலுக்குப் பயன்படுத்தும் கையேடுகளில் அப்படி ஒரு நோய் இல்லை. ஆட்டிசம் என்பது மூளையின் வளர்ச்சியில் குழந்தை பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுவது, மரபணுக்களின் பங்கு அதில் பெரிது. திரை பார்ப்பதால் அது உண்டாகிறது என்று நிறுவப்படவில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் இயல்பிலேயே திரையை அதிகம் நாடுவதும் உண்டு என்பதால், எது காரணம், எது விளைவு என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் புரிவதில்லை. திரையை நிறுத்தியதும் சில குழந்தைகள் நன்றாகத் தேறிவருவதை நானும் பார்த்திருக்கிறேன். அதை நம்பி மதிப்பீட்டைத் தள்ளிப்போட்டு, பயிற்சி தொடங்க வேண்டிய வயதை இழந்துவிட்ட குழந்தைகளையும் பார்த்திருக்கிறேன். நீங்கள் இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்குங்கள். ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்கத் தேவையில்லை.

செலவை எண்ணித் தயங்க வேண்டாம். 2013-இல் தொடங்கப்பட்ட தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் இயங்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்களில் செவித்திறன் பரிசோதனை, வளர்ச்சி மதிப்பீடு, பேச்சுப் பயிற்சி ஆகியவை கட்டணமின்றிக் கிடைக்கும். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அங்கன்வாடியிலோ கேட்டால் வழிகாட்டுவார்கள்.

இப்போது திரைக்கு வருகிறேன். ஒளி, கதிர்வீச்சு, கண் கெடுதல் என்றுதான் பெரும்பாலோர் பயப்படுகிறார்கள். இந்த வயதுக் குழந்தையைப் பொறுத்தவரை எனக்குள்ள பெரிய கவலை வேறு. உங்கள் மாமியாரிடம் கேட்டால், உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, ஆளுக்கொரு பங்கு வைத்து, "நண்டூருது, நரியூருது" என்று முழங்கையைத் தாண்டி அக்குள் வரை விரல்களை நடத்திக் கிச்சுக்கிச்சு மூட்டும் விளையாட்டை நொடியில் செய்து காட்டுவார். அதைக் கூர்ந்து பாருங்கள். விரல் முழங்கைக்கு வந்ததும் பாட்டி ஒரு கணம் நிறுத்துவார். அந்த ஒரு கணத்தில் குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு, கையிலிருந்து பார்வையை எடுத்துப் பாட்டியின் முகத்தைப் பார்க்கும். உடம்பைக் குறுக்கும், "ம்" என்று ஒரு சத்தம் எழுப்பும். அந்தச் சத்தத்துக்குப் பதிலாகத்தான் விரல் மேலே ஏறுகிறது. நான் ஒன்று செய்தால் எதிரில் இருப்பவர் ஒன்று செய்கிறார் என்று குழந்தை தெரிந்துகொள்ளும் இடம் அதுதான். பேச்சு முளைப்பதும் அங்கேதான். கைப்பேசியில் ஓடும் பாட்டு முழங்கையில் நிற்பதில்லை. குழந்தை பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், சத்தம் எழுப்பினாலும் எழுப்பாவிட்டாலும், அது தன்பாட்டுக்கு ஓடி முடிந்து அடுத்த பாட்டுக்குப் போய்விடும். உங்கள் மகனுக்காக நின்று காத்திருக்க அதற்குத் தெரியாது.

இது என் ஊகம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் சியாட்டில் நகரில் பட்ரீசியா கூல் என்ற ஆய்வாளரின் குழு 2003-இல் ஒரு சோதனையை வெளியிட்டது. ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளோடு சீன மொழி பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து, பன்னிரண்டு முறை விளையாடிப் படித்துக் காட்டினார்கள். அந்தக் குழந்தைகள் சீன மொழியின் ஒலி வேறுபாடுகளைப் பிடித்துக்கொண்டார்கள். அதே ஆட்கள், அதே பேச்சு, அதே அளவு நேரம், ஆனால் திரையில் மட்டும் பார்த்த குழந்தைகள் எதையும் கற்கவில்லை. கற்றவர்களுக்கும் கற்காதவர்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு, எதிரே ஓர் உயிருள்ள ஆள் இருந்தாரா என்பதுதான்.

உங்கள் மகன் இருபது வரை எண்ணுவதைக் கேட்டு உறவினர்கள் மெச்சியிருப்பார்கள். அவனுக்கு நல்ல நினைவாற்றல் இருப்பதை அது காட்டுகிறது, அதில் மகிழுங்கள். ஆனால் ஒன்று, இரண்டு என்பது அவனுக்கு இன்னும் ஒரு ராகம்தான். "ரெண்டு பிஸ்கட் வேணும்" என்று அவன் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லும் நாளில்தான் அது பேச்சாகும். கையைப் பிடித்துப் பானைக்கு இழுத்துச் செல்வதையும் நான் மேலோட்டமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆள்காட்டி விரலால் பானையைச் சுட்டிக் காட்டிவிட்டு உங்களைத் திரும்பிப் பார்க்கிறானா, உங்கள் கையை ஒரு கருவிபோலப் பயன்படுத்துகிறானா என்று கவனித்து மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறானா, காகத்தையோ பேருந்தையோ கண்டால் உங்களுக்குக் காட்டுகிறானா, பொம்மைக்குச் சோறூட்டுவதுபோலப் பாவனை செய்கிறானா என்பவையும் அவர் கேட்கப்போகும் கேள்விகள்.

யாரும் உட்கார்ந்து பார்க்காமல் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சியைப் பற்றி ஒரு வார்த்தை. அவன் அதைப் பார்ப்பதே இல்லை, விளையாடிக்கொண்டுதான் இருக்கிறான் என்று வீடுகளில் சொல்வார்கள். 2009-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இரண்டு மாதம் முதல் நான்கு வயது வரையிலான 329 குழந்தைகளின் உடையில் சிறிய ஒலிப்பதிவுக் கருவியைப் பொருத்தி, நாள் முழுவதும் அவர்கள் காதில் விழும் பேச்சைக் கணக்கிட்டார்கள். தொலைக்காட்சிச் சத்தம் கேட்ட ஒவ்வொரு மணி நேரத்துக்கும், பெரியவர்கள் பேசி அந்தக் குழந்தை கேட்கும் சொற்கள் ஏறத்தாழ 770 குறைந்தன. தொடரில் வரும் பேச்சு குழந்தையிடம் பேசும் பேச்சு இல்லை. அது ஓடும்போது பாட்டியும் பேசுவதில்லை, குழந்தை எழுப்பும் சிறு சத்தங்களும் அதில் அமுங்கிவிடுகின்றன.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு உட்கார்ந்து திரை பார்க்கும் நேரம் ஒரு நாளில் ஒரு மணிக்கு மேல் போகக் கூடாது, அதற்கும் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு வயது வரை திரையே வேண்டாம், அதன்பின் ஐந்து வயது வரை பெரியவர் உடனிருக்க அதிகபட்சம் ஒரு மணி நேரம் என்று நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் கூறியிருக்கிறது. இவை பேச்சும் விளையாட்டும் வயதுக்கேற்ப இருக்கும் குழந்தைகளுக்கான அளவுகள். உங்கள் மகனுக்கு, முதல் ஆறு வாரங்கள் கைப்பேசி அறவே வேண்டாம் என்பது என் கருத்து. தந்தையோடு பேசும் காணொளி அழைப்பு மட்டும் விலக்கு, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சாப்பாட்டில்தான் தொடங்க வேண்டும், ஏனென்றால் கைப்பேசி உங்கள் வீட்டில் வேரூன்றியிருப்பது அங்கே. சில மாதங்களுக்கு முன் என் அறைக்கு ஒரு தாய் இட்லி டப்பாவோடு வந்திருந்தார். பசி நேரம் தாண்டிவிடுமென்று அங்கேயே ஊட்டத் தொடங்கினார். கைப்பேசியில் ஒரு யானை ஆட, குழந்தையின் வாய் திறந்தது, இட்லி உள்ளே போனது, கண் மட்டும் அசையவில்லை. படத்தைச் சற்று நிறுத்தச் சொன்னேன். வாயிலிருந்த இட்லி அப்படியே நின்றுவிட்டது. குழந்தை அதை மெல்லவும் இல்லை, துப்பவும் இல்லை. தன் வாயில் ஏதோ இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தாற்போல் நாக்கால் தள்ளித் தள்ளிப் பார்த்தது. இப்படி உண்ணும் குழந்தைக்கு எது புளிப்பு, எது காரம், எப்போது வயிறு நிறைந்தது என்பது தெரியாது. பசி வந்து, கேட்டு, கிடைத்து, போதும் என்று தலையாட்டும் அந்த உரையாடல் ஒரு நாளில் மூன்று நான்கு முறை நடக்க வேண்டியது. அத்தனை முறையும் அது நடக்காமலே போகிறது. கவனமில்லாமல் விழுங்கும்போது புரையேறும் ஆபத்தும் இருக்கிறது.

முதலில் தாய் சேய் நல அட்டையை எடுத்து அவன் எடையைக் குறித்துப் பாருங்கள். எடை வயதுக்கேற்ப இருந்தால் நான் சொல்வதைத் தைரியமாகச் செய்யலாம். குறைவாக இருந்தாலோ, வெளிறிப்போய் இருந்தாலோ, மருத்துவரிடம் காட்டி இரத்தச்சோகைக்குப் பரிசோதித்த பிறகு தொடங்குங்கள், ஏனென்றால் இரும்புச்சத்துக் குறைவே பசியைக் கெடுக்கும். ஒரு நாளில் எவ்வளவு பால் குடிக்கிறான் என்றும் பாருங்கள். அரை லிட்டருக்கு மேல் பால் குடிக்கும் குழந்தையின் வயிற்றில் சோற்றுக்கு இடம் இருக்காது. இன்னொன்றும் நினைவிலிருக்கட்டும். முதல் வயதில் பிறந்த எடையைப்போல மூன்று மடங்காகும் குழந்தை, இரண்டு வயதுக்குப் பிறகு ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு கிலோதான் கூடுகிறது. பசி குறைவதுபோலத் தோன்றுவது இந்த வயதின் இயல்பு. அந்தப் பயத்தில்தான் பல வீடுகளில் கைப்பேசி சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வந்து சேர்கிறது.

வீட்டில் எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் அவனுக்கும் ஒரு தட்டுப் போடுங்கள். பருப்புச் சாதம் இரண்டு கைப்பிடி, தொட்டுக்கொள்ள அவன் விரலால் எடுக்கக்கூடியதாக வெந்த கேரட்டோ முட்டைத் துண்டோ போதும். நீங்களும் அதையே சாப்பிடுங்கள். சிந்தட்டும், பிசையட்டும். இருபது முதல் முப்பது நிமிடம் பாருங்கள். சாப்பிடாவிட்டால் கெஞ்சாமல், திட்டாமல் தட்டை எடுத்துவிட்டு, அடுத்த வேளை வரை தண்ணீரைத் தவிர வேறெதுவும் கொடுக்காமல் இருங்கள். ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் அடுத்த வேளை வந்துவிடும். முதல் இரண்டு மூன்று நாட்கள் மிகக் குறைவாகவே சாப்பிடுவான். அந்த மூன்று நாட்கள்தான் கடினம். இடையில் மனம் பொறுக்காமல் பிஸ்கட்டோ பாலோ கொடுத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். எப்போது, என்ன கொடுப்பது என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். எவ்வளவு சாப்பிடுவது என்பதை அவன் தீர்மானிக்கட்டும். நல்ல உடல்நிலையில் இருக்கும் குழந்தை தன்னைப் பட்டினி போட்டுக்கொள்ளாது.

தலையை முட்டிக்கொள்வதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். சிறிது சிறிதாகக் குறைக்கலாமே என்று கேட்பீர்கள். கைப்பேசி விஷயத்தில் அது பலிப்பதில்லை. பத்து முறை மறுத்து, பதினோராவது முறை அழுகை தாங்காமல் கொடுத்தால், பதினொரு முறை அழ வேண்டும் என்று குழந்தை கற்றுக்கொள்கிறது. ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை மாலையைத் தேர்ந்தெடுங்கள். அன்று முதல் கைப்பேசி அவன் கண்ணில் படக் கூடாது. அலமாரியின் மேல் வைத்து, ஒலியைக் குறைத்துவிடுங்கள். நிறுத்திய முதல் இரண்டு மூன்று நாட்களில் அடம் குறைவதற்கு முன் ஒரு முறை கூடும். கூடுகிறது என்றால் தோற்றுவிட்டோம் என்று பொருளில்லை. அவன் தரையில் விழுந்தால், தலைக்கடியில் பாயையோ தலையணையையோ தள்ளிவிட்டு, ஓரடி தள்ளி அமைதியாக உட்காருங்கள். "போன் வேணும்னு கோவமா இருக்கு" என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள். விளக்கம், மிரட்டல், லஞ்சம் எதுவும் வேண்டாம். அழுகை இறங்கும்போது அவன் உங்களைத் தேடிப் பார்ப்பான். அந்தப் பார்வைக்காகத்தான் நீங்கள் காத்திருக்கிறீர்கள். அது வந்ததும் தூக்கிக்கொள்ளுங்கள். 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் அழும்போதெல்லாம் கைப்பேசி கொடுத்து அமர்த்திய வீடுகளில், சில மாதங்களில் குழந்தைகளின் உணர்ச்சிக் கொந்தளிப்பு கூடியிருந்ததைக் கண்டார்கள். குறிப்பாக ஆண் குழந்தைகளிடம் அது தெரிந்தது. கோபத்திலிருந்து தானே இறங்கிவரப் பழக அவர்களுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை என்பதாகவே நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

இனி உங்கள் மாமியார். எழுதியிருப்பதைப் படிக்கும்போது, அவரைத் திருத்த வேண்டியவராக நினைக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. எனக்கோ, இந்தச் சிகிச்சையின் பெரும்பகுதியை நடத்தப்போகிறவராக அவர் தெரிகிறார். நீங்கள் வீட்டில் இல்லாத ஒன்பதரை மணி நேரமும் குழந்தை இருப்பது அவரிடம்தான். மகன் வெளிநாட்டில், மருமகள் வேலையில் என்று நாள் முழுவதும் கழிக்கும் ஒரு மூத்த பெண்ணுக்குத் தொலைக்காட்சி என்பது வீட்டில் கேட்கும் இன்னொரு குரல். அதை நிறுத்துங்கள் என்று மட்டும் சொன்னால் யாருக்கும் கோபம் வரும். "அத்தை, டாக்டர் நண்டூருது விளையாடச் சொல்லியிருக்காரு. எனக்கு அது சரியா வரல, நீங்கதான் அவனுக்கு விளையாட்டுக் காட்டணும்" என்று கேட்டுப் பாருங்கள். இதில் பொய் ஏதுமில்லை, நான் அதைத்தான் சொல்கிறேன். அவர் விட்டுக்கொடுக்க விரும்பாத தொடர்கள் இரண்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு மணி நேரம் அவருடையது. மாலையில் நீங்கள் வீட்டில் இருக்கும் நேரமாக அது அமைந்தால், குழந்தையை மாடிக்கோ தெருவுக்கோ நீங்கள் அழைத்துப் போகலாம். மற்ற நேரங்களில் ரிமோட் அலமாரியில் இருக்கட்டும்.

பகலில் அவர் ஓடியாட வேண்டியதில்லை. உட்கார்ந்த இடத்திலேயே செய்யும் வேலைகள் அவர் கையில் ஏராளம். முருங்கைக்கீரையை உருவும்போது குழந்தையின் கையில் ஒரு கொத்தைக் கொடுத்து, "இலை எங்க? குச்சி எங்க?" என்று கேட்டுவிட்டு, ஐந்து வரை மனதுக்குள் எண்ணிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். அந்த ஐந்து நொடிதான் மருந்து. நம் வீடுகளில் கேள்வியையும் கேட்டு, பதிலையும் நாமே சொல்லிவிடுகிறோம், குழந்தைக்கு வாய் திறக்க வழியே இருப்பதில்லை. தண்ணீருக்காக அவன் கையை இழுக்கும்போதும் இதையே செய்யுங்கள். பானைக்கு முன் உட்கார்ந்து, அவன் கண்ணுக்கு நேராக உங்கள் முகத்தை வைத்து, டம்ளரைக் காட்டி, "தண்ணி" என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். "த" என்று வந்தாலும், வெறும் பார்வை வந்தாலும் உடனே கொடுத்துவிடுங்கள். சொல்லைப் பறிப்பதற்காகத் தாகத்தோடு நிறுத்திவைக்கக் கூடாது. கைப்பேசிக்குப் பதிலாகப் பாட்டுப் பாடும் பொம்மை வாங்கித் தரலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம், அதுவும் காத்திருக்காது. தவிர, அதிலிருக்கும் வட்டப் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் அரிக்கத் தொடங்கிவிடும். பழைய ரிமோட்டை விளையாடக் கொடுப்பவர்களும் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

அங்கன்வாடியைப் பற்றியும் யோசியுங்கள். நம் மாநிலத்தில் இரண்டு வயது நிறைந்த குழந்தைகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆசிரியை வீட்டுப் பிள்ளையை அங்கன்வாடிக்கு அனுப்புவதா என்று யாராவது கேட்டால் பொருட்படுத்தாதீர்கள். காலையில் சில மணி நேரம் சம வயதுப் பிள்ளைகளோடு தரையில் உருண்டு, வட்டமாக உட்கார்ந்து சோறும் முட்டையும் சாப்பிடுவது, உங்கள் மகனுக்கு நான் எழுதிக் கொடுக்கக்கூடிய எந்த டானிக்கையும்விட மேலானது. மாமியாரின் காலுக்கும் அந்த நேரம் ஓய்வு கிடைக்கும்.

இப்போது காணொளி அழைப்பு. அதற்கு விலக்கு அளிப்பது இரக்கத்தால் மட்டும் இல்லை. 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு முதல் இரண்டரை வயதுக் குழந்தைகள் முன்பே பதிவு செய்த படத்திலிருந்து புதிய சொற்களைக் கற்கவில்லை, ஆனால் எதிர்முனையில் ஒருவர் நேரலையில் தங்களுக்குப் பதில் சொன்னபோது, நேரில் கற்பதுபோலவே கற்றார்கள். காரணம் உங்களுக்குத் தெரியும், எதிர்முனையில் இருப்பவர் காத்திருக்கிறார். எனவே உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். "சாப்டியா, ஸ்கூலுக்குப் போறியா, ஒன் டூ சொல்லு" என்று தொடர்ந்து கேள்வி கேட்க வேண்டாம். குழந்தை கையில் என்ன வைத்திருக்கிறானோ அதைப் பற்றி மட்டும் பேசட்டும். ஒரு டம்ளரை முகத்துக்கு முன் வைத்து மறைந்து, "அப்பா எங்க?" என்று கேட்டுவிட்டு நிற்கட்டும். பத்து நிமிடம் போதும். அழைப்பு முடிந்ததும் கைப்பேசி அலமாரிக்குப் போய்விட வேண்டும், அதிலிருந்து பாட்டுக்கு நகரக் கூடாது. சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால் இருப்பதால், இங்கே ஏழு மணிக்கு முன் அவர் அழைத்தால் இருவர் தூக்கமும் கெடாது.

தூக்கத்தைச் சொல்லாமல் விட முடியாது. இந்த வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளில் 11 மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்க வேண்டும். படுக்கைக்கு முந்தைய ஒரு மணி நேரம் எந்தத் திரையும் இல்லாமல், விளக்கின் வெளிச்சமும் குறைந்திருக்கட்டும். சிறு குழந்தைகளின் கண் பெரியவர்களின் கண்ணைவிட அதிக ஒளியை உள்ளே விடுவதால், இரவில் பட்ட வெளிச்சம் தூக்கத்தை வரவழைக்கும் சுரப்பை எளிதில் தடுத்துவிடுகிறது. இரவு பத்து வரை ஓடும் தொலைக்காட்சிக்குப் பக்கத்து அறையில் படுக்க வைத்தால், ஒலியும் சேர்ந்துகொள்ளும். நன்றாகத் தூங்காத குழந்தை மறுநாள் காலையிலிருந்தே அடம் பிடிக்கும், அடத்தை அடக்க மறுபடி கைப்பேசி வரும். கண்ணைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது, தினமும் ஒரு மணி நேரமாவது வெளியில், வெளிச்சத்தில் விளையாட விடுங்கள் என்பதே. அது கிட்டப்பார்வை வருவதைக் குறைக்கிறது.

ஆறு வாரங்களுக்குப் பின், மருத்துவரும் ஒப்புக்கொண்டால், நாளில் அரை மணி நேரம் தொலைக்காட்சியில் ஏதாவது பார்க்கலாம். கைப்பேசியைவிடப் பெரிய திரை நல்லது, ஏனென்றால் இருவர் சேர்ந்து பார்க்க முடியும், அவன் கையில் அதை எடுத்துக்கொண்டு ஓட முடியாது. தமிழில், மெதுவாக நகரும், ஒரே கதையை ஆரம்பமும் முடிவும் தெரியச் சொல்லும் நிகழ்ச்சியாகத் தேர்ந்தெடுங்கள். வினாடிக்கொரு காட்சி மாறி, விடாமல் கத்தும் படங்கள் வேண்டாம். யூடியூப்பில் காட்டுவதானால், அடுத்த படம் தானாக ஓடும் வசதியை முதலில் அணைத்துவிடுங்கள். படம் முடிந்ததும் திரை அணைய வேண்டும், அதை அவன் கையாலேயே அணைக்கச் செய்யுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "யானை விழுந்துருச்சு!" என்று சொல்லுங்கள். மறுநாள் குளிப்பாட்டும்போது அந்த யானையைப் பற்றிப் பேசுங்கள். படத்தில் பார்த்தது குளியலறை வரை வந்தால்தான் அது அவனுடையதாகிறது.

இதெல்லாம் நடக்கும்போது, மாலை ஐந்தரைக்கு வீடு திரும்பும் உங்கள் கைப்பேசியும் அரை மணி நேரம் பைக்குள்ளேயே இருக்கட்டும். பள்ளிக் குழுவின் செய்திகளுக்கு ஆறு மணிக்குப் பதில் சொன்னால் போதும் என்று தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிடலாம். களைப்பாக இருந்தால் பாயில் படுத்துக்கொள்ளுங்கள், அவன் மேலே ஏறி விளையாடட்டும். அவனுக்குத் தேவை உங்கள் முகம், உங்கள் உற்சாகம் எல்லா நாளும் வேண்டுமென்பதில்லை.

மருத்துவரைப் பார்க்கப் போகும்முன் ஒரு வேலை இருக்கிறது. அவனுக்குத் தெரியாமல் உங்கள் கைப்பேசியில் இரண்டிரண்டு நிமிடம் படம் பிடித்துக்கொள்ளுங்கள். அவன் தனியாக விளையாடும்போது ஒன்று, அப்பத்தாவோடு நண்டூருது விளையாடும்போது ஒன்று, ஏதாவது வேண்டுமென்று உங்களிடம் வரும்போது ஒன்று. மருத்துவமனையின் புதிய அறையில் குழந்தைகள் மிரண்டுபோய் ஒட்டிக்கொள்வார்கள், அங்கே பத்து நிமிடத்தில் தெரியாதது அந்த ஆறு நிமிடத்தில் தெரிந்துவிடும். அவன் சொல்லும் சொற்களை, மழலையாகச் சொல்பவை உட்பட, ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அந்த நாளில் மாமியாரையும் கூட அழைத்துப் போங்கள். நாள் முழுவதும் குழந்தையைப் பார்ப்பவர் அவர்தான், மருத்துவர் கேட்கும் பாதிக் கேள்விகளுக்கு உங்களைவிட அவருக்குத்தான் பதில் தெரிந்திருக்கும்.